செத்த செல்லை எழுப்பும் "கண்டிஷனிங்" சார்ஜர்: சேலத்தில் வாங்குகிறவர்கள் கவனத்துக்கு

சேலம் பழைய பஸ் நிலையப் பக்கம் ஒரு கடையில், டார்ச்சுக்குப் போடும் 18650 லித்தியம் செல்லுக்கென்று 750 ரூபாய்க்கு ஒரு சார்ஜர் விற்றார்கள். செத்த செல்லையும் கண்டிஷனிங் செய்து எழுப்பும் என்றார்கள். பில் கேட்டதற்குத் துண்டுச் சீட்டுதான் வந்தது. திருப்பித் தரப் போனால் "செல்லுதாங்க கெட்டுப்போச்சு" என்று கைவிரித்துவிட்டார்கள். ஏற்காட்டுத் தோட்டக்காரர்களும் ஹெட்லைட் சாமான் வாங்க இந்தப் பக்கம்தான் இறங்கி வருகிறார்கள். ஆகவே விவரமாகவே எழுதுகிறோம்.

நல்ல சார்ஜர் முதலில் செல்லின் வோல்ட்டைப் பார்க்கும். 3 வோல்ட்டுக்குக் கீழே இருந்தால் பத்தில் ஒரு பங்கு கரண்ட்தான் விடும். 1 ஆம்பியர் சார்ஜரில் ஏறக்குறைய 100 மில்லி ஆம்பியர். 3 வோல்ட்டைத் தொட்ட பிறகே முழுக் கரண்ட். பிறகு 4.2 வோல்ட்டிலேயே நிறுத்திப் பிடித்து, கரண்ட் மறுபடி பத்தில் ஒன்றாகக் குறைந்ததும் நின்றுவிடும்.

கண்டிஷனிங் என்கிற அந்த மெதுவான ஏற்றம் ஒரு பரிசோதனையும்கூட. அளவுக்கு மீறி இறங்கிய செல்லுக்குள் செம்புத் தகடு கரையும். திரும்ப ஏற்றும்போது அந்தச் செம்பு வேறிடத்தில் படிந்து உள்ளேயே ஷார்ட் ஆக்கும். அப்படிப்பட்ட செல்லில் 100 மில்லி ஆம்பியர் விட்டால் வோல்ட் ஏறாமல் நின்றுவிடும்; உருப்படியான சார்ஜர் அதைக் கண்டு சார்ஜ் ஏற்ற மறுத்துவிடும். எடுத்த எடுப்பில் 1 ஆம்பியர் பாய்ந்தால் கொதிக்கும், தீயும் பிடிக்கும்.

அந்த 750 ரூபாய் சார்ஜரில் 2.7 வோல்ட் செல்லுக்கு முதல் நொடியிலேயே 900 மில்லி ஆம்பியருக்கு மேல் பாய்ந்தது. கண்டிஷனிங் என்பது அட்டைப்பெட்டியில் அச்சடித்த வார்த்தை மட்டும்தான்.

கடையில் 0 வோல்ட் செல்லைப் போட்டு எழுப்பிக் காட்டுவார்கள். அதை நம்பாதீர்கள். பாதுகாப்பு போர்டு உள்ள செல் ஏறக்குறைய 2.5 வோல்ட்டில் தன்னைத் தானே துண்டித்துக்கொண்டு மீட்டரில் 0 காட்டும். கொஞ்சம் கரண்ட் பட்டதும் போர்டு மறுபடி இணைத்துக்கொள்ளும். செல் சாகவே இல்லை.

சோதிக்க ஒரு மல்டிமீட்டர் போதும். நல்ல செல் ஒன்றை டார்ச்சில் எரியவிட்டு 2.7 வோல்ட்டுக்கு இறக்குங்கள். வெளிச்சம் நின்றதும் வோல்ட் தானாகக் கொஞ்சம் ஏறும் என்பதால் உடனே சோதியுங்கள். சிவப்பு வயரை 10 ஆம்பியர் ஓட்டைக்கு மாற்றி, செல்லுக்கும் சார்ஜருக்கும் நடுவே வரிசையில் இணையுங்கள். முதலில் 100 மில்லி ஆம்பியர் (மீட்டரில் 0.10) அருகே நின்று பிறகு எகிறினால் சரியான சரக்கு. முடிந்ததும் வயரைப் பழைய ஓட்டைக்கே மாற்றுங்கள். மறந்துபோய் வோல்ட் பார்த்தால் அப்படியே ஷார்ட்தான். மாதக்கணக்கில் 2 வோல்ட்டுக்குக் கீழே கிடந்த செல்லை இதற்கு எடுக்கவே கூடாது.

டிஸ்சார்ஜ் பட்டன் உள்ள பழைய சார்ஜர்கள் நிக்கல் காட்மியம் செல்லுக்கானவை. செல்லுக்கு 1 வோல்ட் வரை இறக்கி ஏற்றுவது அவற்றுக்குப் பொருந்தும், லித்தியத்தைக் கொன்றுவிடும்.

45 டிகிரிக்கு மேல் லித்தியம் செல்லைச் சார்ஜ் செய்யக் கூடாது. சித்திரை வெயிலில் சேலத்துத் தகரக் கூரைக்குக் கீழே அது எளிதில் தாண்டிவிடும், விடியற்காலையில் போடுங்கள்.

கூடவே தள்ளிவிடும் "9800" மில்லி ஆம்பியர் மணி செல்லும் பொய். 18650 அளவில் தரமான செல்லே 3500 மில்லி ஆம்பியர் மணி அளவில்தான் தரும். பில்லில் "3 வோல்ட்டுக்குக் கீழ் குறைந்த கரண்ட்" என்று எழுதித் தரச் சொல்லுங்கள். அந்தத் தாள் கையில் இருந்தால் நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் கொடுக்கலாம்.