பக்கவாதத்துக்குப் பின் பயிற்சி: மையமா, வீடா?

போன ஆடியில் அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து வலது கையும் காலும் விழுந்துவிட்டன. குடியாத்தத்திலிருந்து சித்தூர் போகும் வழியில், பரதராமிக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். அப்பா நாற்பது வருடம் லுங்கித் தறியில் உட்கார்ந்தவர். பத்தாம் நாள் மருத்துவமனையிலிருந்து அனுப்பும்போது, மாத்திரையை விடாதீர்கள், பயிற்சியையும் விடாதீர்கள் என்றார்கள். பயிற்சியை எங்கே செய்வது என்பதில்தான் வீட்டில் இரண்டு கட்சி. டவுனில் இருக்கும் பிசியோதெரபி மையத்துக்கு அழைத்துப் போகலாம் என்றான் தம்பி. ஆளை வரவழைத்து வீட்டிலேயே செய்யலாம் என்றார் அம்மா. முதல் ஆறு வாரம் மையத்துக்குப் போனோம். அதன் பிறகு இன்றுவரை வீட்டில்தான். இரண்டிலும் கூடவே இருந்தவள் நான். என் ஓட்டு வீட்டுக்கு, ஆனால் ஒரு நிபந்தனையோடு.

அத்தை மூன்றாவதாக ஒன்று சொன்னார்: ஆந்திரா பக்கம் நாட்டு மருந்து. நாங்கள் போகவில்லை. அதனால் அதை இதில் சேர்க்கவில்லை.

எல்லோருக்கும் தெரிந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன். மையத்தில் இரண்டு பக்கமும் கம்பி பிடித்து நடக்கும் தடம் உண்டு, கப்பிக் கயிறு உண்டு, கரண்ட் வைக்கும் பெட்டி உண்டு. தன்னைப் போலவே இருக்கும் நாலு பேரைப் பார்த்தால் அப்பாவுக்குக் கொஞ்சம் தெம்பு வந்தது. வீட்டில் இதெல்லாம் கிடையாது. பதிலுக்கு ஆட்டோச் செலவு மிச்சம், கழிப்பறை பக்கத்தில், களைத்தால் உடனே படுக்கலாம். மையத்துக்குப் போய்வந்த நாட்களில் பாதித் தெம்பு ஆட்டோவில் ஏறி இறங்குவதிலேயே போய்விடும். செலவை மட்டும் பார்த்தாலும் வீடுதான். ஆனால் நாங்கள் மாறியதற்குக் காரணம் செலவு இல்லை. எண்ணிக்கை.

மூன்றாவது வாரம், சும்மா உட்கார்ந்திருக்கிறோமே என்று, மையத்தில் அப்பா வலது கையால் எத்தனை தடவை எதையாவது எடுக்கிறார், வைக்கிறார் என்று எண்ண ஆரம்பித்தேன். முக்கால் மணி நேரத்தில் கருவிக்கு இருபது நிமிடம், நடைக்குப் பதினைந்து நிமிடம். கைக்கு மிஞ்சுவது பத்தே நிமிடம். முதல் நாள் 26 தடவை, அடுத்த நாள் 34. அங்கே இருந்தவர்கள் நல்லவர்கள்தான். ஒரே நேரத்தில் ஐந்து பேரைப் பார்க்க வேண்டியிருந்தது.

குறைவாகத் தோன்றியது. ஆனால் எது குறைவு, எது போதும் என்று எனக்கு எப்படித் தெரியும்? தேடிப் படித்தேன். அமெரிக்காவில் செயின்ட் லூயிஸில் உள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் கேத்தரின் லாங் என்ற ஆய்வாளரும் அவர் குழுவும் இதே வேலையைச் செய்திருக்கிறார்கள். பக்கவாத நோயாளிகளின் 312 பயிற்சி அமர்வுகளைக் கூடவே இருந்து பார்த்து, அசைவுகளை எண்ணி, 2009இல் வெளியிட்டார்கள். ஒரு பொருளை எடுப்பது, வைப்பது போன்ற கைப்பயிற்சி, அது நடந்த அமர்வுகளில் சராசரியாக 32 தடவைதான் நடந்தது. அதைப் படித்தபோது, எங்கள் மையத்தை மட்டும் குறை சொல்வதில் நியாயமில்லை என்று புரிந்தது. உலகம் முழுக்க அப்படித்தான் போலிருக்கிறது.

அதற்கு எதிர்ப்பக்கம் ராண்டால்ஃப் நூடோ என்ற அமெரிக்க ஆய்வாளரின் குரங்குகள். 1996இல் அவர் குழு, மூளையில் கைக்கான இடத்தில் சிறு பாதிப்பு ஏற்பட்ட அணில் குரங்குகளுக்குச் சின்னச் சின்னக் குழிகளில் இரையை வைத்து, பாதித்த கையாலேயே எடுக்கப் பழக்கியது. பழகிய குரங்குகளின் மூளையில் கைக்கான மீதி இடம் காப்பாற்றப்பட்டது. சிலவற்றில் பக்கத்து இடத்தையும் கை பிடித்துக்கொண்டது. இந்த மாதிரி விலங்கு ஆய்வுகளில் ஒரு நாளைக்கு அசைவுகள் நூற்றுக்கணக்கில் இருக்கும். முப்பது எங்கே, முந்நூறு எங்கே!

அன்று இரவே அம்மா ஒரு படி புளியங்கொட்டையை அப்பா முன்னால் கொட்டினார். இடது பக்கக் கிண்ணத்திலிருந்து வலது பக்கக் கிண்ணத்துக்கு ஒவ்வொன்றாக மாற்ற வேண்டும். முதல் நாள் 40 கொட்டைக்கே வியர்த்துவிட்டது. பாதி தரையில் விழுந்தது. ஒரு மாதத்தில், காலை, மாலை இரண்டு வேளையும் சேர்த்து 250ஐத் தொட்டார். அப்புறம் ராட்டை. நெசவு வீட்டில் தார் சுற்றும், அதாவது ஊடை நூலைச் சின்னக் குழலில் சுற்றும் ராட்டை எப்போதும் இருக்கும். வலது கையால் சக்கரத்தைச் சுற்ற, இடது கை நூலைப் பிடிக்கும். ஒரு தார் நிறைவதற்குள் கை எத்தனை சுற்று சுற்றுகிறது என்று எண்ணினேன். 140ஐத் தாண்டியது. அதுவும், இது பயிற்சி என்ற நினைப்பே இல்லாமல். மையத்தில் எந்தக் கருவியும் அப்பாவை இப்படி இழுத்ததில்லை. அவருக்கு அது தெரிந்த வேலை. நூல் அறுந்தால் கோபம் வருகிறது, சரியாக வந்தால் முகம் மாறுகிறது.

இங்கே ஒன்றை நேர்மையாகச் சொல்ல வேண்டும். எண்ணிக்கை கூடக் கூடப் பலன் கூடும் என்று கணக்குப் போட முடியாது. அதே லாங் 2016இல் 85 பேரை வைத்து அதையே சோதித்தார். பாதிப்பு வந்து ஆறு மாதமோ அதற்கு மேலோ ஆனவர்கள். எட்டு வாரத்தில் 3200, 6400, 9600 தடவை என்று பிரித்துச் செய்யவைத்தார்கள். முன்னேற்றம் இருந்தது, ஆனால் அளவு கூடியதற்கு ஏற்பக் கூடவில்லை. அப்பா பயிற்சியைத் தொடங்கியது முதல் மாதத்திலேயே. அதனால் அந்த முடிவு அவருக்கு அப்படியே பொருந்துமா என்று என்னால் சொல்ல முடியாது. நான் எடுத்துக்கொண்டது இவ்வளவுதான்: அங்கே மிகக் குறைந்த அளவே ஒரு அமர்வுக்கு 100 தடவை. மையத்தில் நாங்கள் பார்த்தது அதில் மூன்றில் ஒரு பங்கு.

இனி நிபந்தனைக்கு வருகிறேன். மையத்தை விட்டு வந்த முதல் இரண்டு வாரம் நாங்களே எல்லாம் தெரிந்தவர்கள் மாதிரி செய்தோம். கட்டிலில் இருந்து எழுப்பும்போது நானும் தம்பியும் ஆளுக்கொரு கையைப் பிடித்துத் தூக்குவோம். வலது தோளில் வலி வந்தது. கையை உயர்த்தினாலே முகம் சுருங்கும். அப்போதுதான் சித்தூரிலிருந்து ஒரு பிசியோதெரபிஸ்ட் தம்பியை வாரத்தில் இரண்டு நாள் வரச் சொன்னோம். வந்தவர் முதலில் பார்த்தது தோளைத்தான். “அக்கா, செத்த கையைப் பிடிச்சு இழுக்கவே கூடாது. தசை பிடிச்சு வைக்காத மூட்டு அது, கழண்டு இறங்கிடும்” என்று சொல்லி, அக்குளுக்குப் பின்னால் முதுகோடு கை கொடுத்து எழுப்புவதைக் காட்டினார். உட்காரும்போது கைக்கு அடியில் தலையணை வைக்கச் சொன்னார். வலி குறைய மூன்று வாரம் ஆனது. அந்த மூன்று வாரமும் புளியங்கொட்டையும் இல்லை, ராட்டையும் இல்லை. எங்கள் தப்பால் போன நாட்கள் அவை.

இது எங்கள் வீட்டுக் கதை மட்டுமில்லை. இந்தியாவில் 14 மருத்துவமனைகளில் 1250 நோயாளிகளை வைத்து, வீட்டாருக்கே பயிற்சி கொடுத்து அவர்களைக் கொண்டே மறுவாழ்வுப் பயிற்சி செய்வித்த ஆய்வு ஒன்று உண்டு. அட்டெண்ட் என்று பெயர், 2017இல் லான்செட் இதழில் வந்தது. ஆறு மாதத்தில் இறந்தவர்களும் பிறரைச் சார்ந்தே வாழ்கிறவர்களும், வீட்டார் பயிற்சி செய்வித்த பிரிவிலும் வழக்கமான கவனிப்புப் பிரிவிலும் 47 சதவீதம். வீட்டார் செய்ததால் கூடுதல் பலன் எதுவும் தெரியவில்லை. வீட்டின் பக்கம் பேசுகிற எனக்கு அது கசப்பான செய்திதான், ஆனால் அதை மறைத்துவிட்டு எழுத மனம் வரவில்லை.

அதோடு சேர்த்துப் படிக்க வேண்டியது அமெரிக்காவின் லீப்ஸ் ஆய்வு, 2011. 408 பேர். சிலருக்கு உடம்பைப் பட்டையில் தொங்கவிட்டு டிரெட்மில்லில் நடைப் பயிற்சி. மற்றவர்களுக்கு பிசியோதெரபிஸ்ட் வீட்டுக்கே வந்து வலுவுக்கும் சமநிலைக்கும் பயிற்சி. ஒரு வருடம் கழித்து எல்லாரையும் சேர்த்து 52 சதவீதம் பேர் நடையில் ஒரு படி முன்னேறியிருந்தார்கள். டிரெட்மில்லா, வீடா என்பதால் வித்தியாசம் இல்லை. லீப்ஸில் வீட்டுக்கு வந்து பயிற்சி கொடுத்தவர் அதற்கென்றே படித்தவர். அட்டெண்டில் வீட்டில் பயிற்சி செய்வித்தது வீட்டார். என் நிபந்தனை அதுதான்: தினமும் எண்ணுவது நாம், தப்பைத் திருத்துவதும் அடுத்த படிக்கு ஏற்றுவதும் பிசியோதெரபிஸ்ட்.

தனியாக ஆளை அமர்த்த முடியாதவர்கள் தமிழ்நாட்டுப் பக்கம் இருந்தால், மக்களைத் தேடி மருத்துவத்தைக் கேட்டுப் பாருங்கள். 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய திட்டம். ரத்த அழுத்த மாத்திரை மட்டுமில்லை, வீட்டோடு கிடப்பவர்களுக்கு இயன்முறை சிகிச்சையும் அதில் உண்டு. எல்லையைத் தாண்டி இருக்கும் எங்கள் சொந்தக்காரர்களுக்கு அது கிடைக்காது.

யாருக்கு மையம்? தனியாக உட்காரவே முடியாதவர், விழுங்கச் சிரமப்படுபவர், வீட்டில் தூக்க ஆள் இல்லாதவர், இவர்களை நான் வீட்டில் வைத்துக்கொள்ளச் சொல்ல மாட்டேன். நம் பக்கத்திலேயே வேலூர் பாகாயத்தில் சி.எம்.சி. மருத்துவமனையின் மறுவாழ்வு நிலையம் இருக்கிறது, 1966இல் வந்தது. 1954இல் விபத்தில் கால்கள் செயலிழந்து, சக்கர நாற்காலியில் இருந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்த டாக்டர் மேரி வர்கீஸ் உருவாக்கிய இடம். தங்கியிருந்து செய்யும் அந்த மாதிரிப் பயிற்சியோடு எங்கள் வீட்டை ஒப்பிட எனக்கு அனுபவம் இல்லை. நான் ஒப்பிடுவது, வாரத்தில் மூன்று நாள் போய்வரும் டவுன் மையத்தோடு மட்டும்.

அவசரப்படுத்தும் உறவுகளுக்கும் ஒரு வார்த்தை. இரண்டாம் நாளே எழுப்பி நடக்கவைக்கச் சொன்னவர்கள் எங்கள் வீட்டிலும் உண்டு. 2104 பேரை வைத்து ஐந்து நாடுகளில் நடந்த ஏவெர்ட் ஆய்வில், 24 மணி நேரத்துக்குள் எழுப்பி அதிகமாகப் பயிற்சி கொடுத்தவர்களில் 46 சதவீதம் பேர் நன்றாகத் தேறினார்கள். வழக்கமான கவனிப்பில் 50 சதவீதம். முதல் நாட்களை டாக்டரிடம் விட்டுவிடுங்கள்.

இப்போது எட்டாவது மாதம். அப்பாவால் இன்னும் சட்டைப் பொத்தான் போட முடியவில்லை. தறியில் ஏறுவாரா என்று தெரியாது. ஆனால் காலையில் ஆறு தார் சுற்றித் தம்பிக்குக் கொடுக்கிறார். சித்தூர்த் தம்பி தெலுங்கில்தான் எண்ணுவார், ஒகட்டி, ரெண்டு, மூடு என்று. கை நின்றால் “இங்கொக சாரி, ஐயா” என்பார், இன்னொரு தடவை என்று அர்த்தம். நேற்று அவர் வராத நாள். ராட்டையில் நூல் அறுந்துவிட்டது. அப்பா வலது கையாலேயே முனையைத் தேடிப் பிடித்து முடிந்தார். நாலு தடவை நழுவியது. ஒவ்வொரு தடவையும் தனக்குத் தானே சொல்லிக்கொண்டார், இங்கொக சாரி, இங்கொக சாரி.