பீவர் பிடித்துத் தருகிறோம் என்பவர்களிடம் முன்பணம் கொடுக்காதீர்கள்

மாசசூசெட்ஸில் ஓடையோரம் வீடு வைத்திருப்பவர்கள் கவனத்துக்கு. பீவர் என்பது கிளைகளாலும் சேற்றாலும் ஓடையில் அணை கட்டும் விலங்கு. "பீவர்களை உயிரோடு பிடித்துத் தொலைதூரக் காட்டில் விட்டுவிடுகிறோம்" என்று யாராவது சொன்னால், அவரை வாசலோடு அனுப்பிவிடுங்கள். இந்த மாநிலத்தில் காட்டு விலங்கைப் பிடித்து வேறிடத்தில் கொண்டுபோய் விடுவது சட்டவிரோதம். அப்படிப் பிடித்து விடுவதாகச் சொல்லித்தான் ஒரு நிறுவனம் எங்களிடம் 1,800 டாலர் முன்பணம் வாங்கியது.

பின்கட்டு ஓடையில் பீவர்கள் கட்டிய அணையால் தண்ணீர் ஏறி, செப்டிக் டேங்கின் வடிகால் நிலம் ஊறிப்போயிருந்தது. கழிவறையில் தண்ணீர் இறங்கவில்லை. அந்த நிறுவனத்திலிருந்து வந்தவர், அனுமதியெல்லாம் தாங்களே வாங்கிவிடுவதாகச் சொன்னார். சிறிய மண்வாரி இயந்திரத்தால் அணையை நடுவில் பிளந்தார். தேங்கிய தண்ணீர் சேற்றோடு பாய்ந்து, கீழ்வீட்டுக்காரரின் புல்வெளியை நாசமாக்கியது. மறுநாள் காலையில் போய்ப் பார்த்தால் உடைப்பு அடைபட்டிருந்தது: பட்டை உரித்த பச்சைக் கிளைகள், மேலே அப்பிய ஈரச் சேறு, இடையில் எங்கள் தோட்டத்து வேலிக்கட்டை ஒன்று. தண்ணீர் ஓடும் சத்தம் கேட்டால் பீவர் இரவோடு இரவாக அடைத்துவிடும். இந்தத் தொழிலில் இருப்பவருக்கு இது தெரியாதா? நன்றாகவே தெரியும். "புதுக் குடும்பம் குடிவந்துவிட்டது" என்று சொல்லி மறுபடியும் பில்லை நீட்டினார். (சொன்ன வேலையை ஒழுங்காகச் செய்தவை பீவர்கள் மட்டும்தான்.)

பிறகு தண்ணீர் வடிய அணையில் ஒரு பிளாஸ்டிக் குழாயைச் செருகினார். முறையாக வைத்தால் இது நல்ல வழி. குழாயின் வாய் அணையை விட்டுத் தள்ளி ஆழமான நீரில் இருக்க வேண்டும். அதைச் சுற்றிக் கம்பிவலைக் கூண்டு வேண்டும். இவர் வைத்ததோ அணையை ஒட்டிய குட்டைக் குழாய், வலையும் கிடையாது. பீவர்கள் சேற்றை அடைத்து அதையும் மூடிவிட்டன.

அதற்குள் ஊரின் இயற்கைப் பாதுகாப்புக் குழுவிடமிருந்து அனுமதியின்றி ஈரநிலத்தைச் சிதைத்ததாக நோட்டீஸ் வந்தது. அது அவர் பெயருக்கு அல்ல, நில உரிமையாளர்களான எங்கள் பெயருக்கு. அன்றிலிருந்து அவர் தொலைபேசியை எடுப்பதில்லை.

சட்டம் இதுதான். 1996 வாக்கெடுப்பில் பெரும்பாலான பொறிகளுக்குத் தடை வந்தது. 2000இல் செய்த திருத்தப்படி, கிணறு, செப்டிக் டேங்க் போன்றவற்றுக்கு ஆபத்து என்றால் உங்கள் ஊர்ச் சுகாதார வாரியம் 10 நாள் அவசர அனுமதி தரலாம். அணையைத் திறக்கவோ குழாய் பதிக்கவோ இயற்கைப் பாதுகாப்புக் குழுவின் ஒப்புதலும் தேவை. இரண்டு அலுவலகங்களுக்கும் நீங்களே போன் செய்யுங்கள். அனுமதிக் கடிதத்தையும் பொறி வைப்பவரின் உரிமத்தையும் கண்ணால் பார்க்காமல் இயந்திரத்தை உள்ளே விடாதீர்கள்.

மாநிலத் தலைமை வழக்கறிஞர் அலுவலகத்தின் நுகர்வோர் பிரிவில் புகார் கொடுத்திருக்கிறோம். பணம் இன்னும் வரவில்லை. முகவரியே இல்லாத ரசீதோடு இதே கதையைக் கேட்டவர்கள் இருந்தால், நீங்களும் அங்கே எழுதுங்கள்.