ஆறுமணிக்குருவி: விடியவா, பின்னேரமா?

ஐப்பசியில் வலசை வரும் ஆறுமணிக்குருவிக்காக விடிய எழும்புவதா, பின்னேரம் காத்திருப்பதா என்று மட்டக்களப்பில் கேட்பவர்கள் உண்டு.

செலவு: இரண்டுக்கும் இல்லை. மரம் நிறைந்த வளவே போதும்.

சத்தம்: இரு வேளையும் கூவும். மூளையிலுள்ள ஹைப்போதலமஸ், பினியல் சுரப்பி, அப்புறம் கண்ணின் விழித்திரை, மூன்றும் சேர்ந்து ஓட்டும் உடலின் உள் மணிக்கூடுதான் கூவும் நேரத்தைச் சொல்கிறது. பறவைகளில் பினியல் மண்டையோட்டின் ஊடாகவே வெளிச்சத்தை உணரும். இருட்டினால், இரவு வந்ததை உடலுக்குச் சொல்லும் மெலட்டோனின் என்ற ஹோர்மோன் சுரக்கும். நினைக்க நினைக்க எனக்கு வியப்பு அடங்கவில்லை.

காட்சி: விடியற்காலைதான். கூவி முடித்து, சருகைக் கிளறிப் புழு தேடும். வெளிச்சம் ஏற ஏற வயிற்றடிச் சிவப்பு துலங்கும். பின்னேரம் கூவி ஓய்வதற்குள் இருட்டிவிடும்.

வசதி: பின்னேரம். பிள்ளைகளும் வருவார்கள்.

படம் எடுக்க வேண்டுமா, விடிய எழும்புங்கள். குரல் போதுமென்றால் பின்னேரம் முற்றத்தில் இருங்கள்.