செடி சென்சார்: விலை இறங்கிவிட்டது, வாங்கலாமா?

விலை குறைந்ததைப் பார்த்துவிட்டு நண்பர் கேட்டார்: "அந்தச் செடி சென்சாரை இன்னும் வச்சிருக்கீங்களா? வாங்கலாமா?" செடியின் இலையில் ஒட்டினால் அதன் மின் மாற்றங்களை இசையாக்கும் சின்னப் பெட்டி அது. வைத்திருக்கிறேன், தினமும் பயன்படுத்துகிறேன். ஆனால் அதன் மேல் உள்ள கோபம் மட்டும் தீரவில்லை.

இலையில் ஒட்டிய இரண்டு ஜெல் பேடுகளுக்கு இடையே மின்தடை மாறும்போது, உள்ளே இருக்கும் 555 டைமர் என்ற சிப்பின் துடிப்பும் மாறும். மாற்றம் ஓர் அளவைத் தாண்டினால் மிடி நோட் வரும், அதாவது எந்தச் சுரத்தை வாசிக்க வேண்டும் என்று இசை மென்பொருளுக்குச் சொல்லும் குறிப்பு. இதுவரை சரி. அப்புறம் அந்த நோட்டை ஐந்து சுர ஸ்கேலுக்குள் அடைத்துவிடுகிறார்கள். ஸ்கேலை மாற்றலாம், அணைக்க முடியாது. ஐந்து சுர ராகமான மோகனத்தில் எந்தச் சுரத்துக்குப் பின் எதைத் தொட்டாலும் உறுத்தாது. இந்தப் பெட்டியின் இனிமையும் அவ்வளவுதான். பேடுகளை ஈரத்துணியில் ஒட்டிப் பார்த்தேன், அதே இனிமை. இதற்குப் போய் "செடி பாடுகிறது" என்று விளம்பரம்.

பேடு கோடையில் காய்ந்துவிடும். மாற்றுவதற்கு, வலி குறைக்க உடம்பில் ஒட்டும் டென்ஸ் பேடு மெடிக்கல் ஷாப்பில் கிடைக்கும், அதுவே போதும்.

ஆனால் நோட்டுகள் வரும் நேரம் இருக்கிறதே, அதற்கு ஈடு இல்லை. வெயில் பட்டதும் கொத்தாக வரும், பிறகு வெகுநேரம் ஒன்றுமே இருக்காது. கம்ப்யூட்டரின் சாதாரண ரேண்டமுக்கு முந்தைய நோட்டின் நினைவே கிடையாது, அதனால் இந்த அளவுக்குக் கூடிக் கலையாது. இப்போது சுரத்தை வீசிவிட்டு நேரத்தை மட்டும் கம்ப்யூட்டரில் ஓடும் சிந்தசைசர் மென்பொருளான விசிவி ரேக்குக்கு அனுப்புகிறேன். சுரத்துக்கு, 1968-இல் உயிரியலாளர் லிண்டன்மேயர் பாசி வளர்ச்சியை விளக்க எழுதிய விதி. பெரிய செல் ஒரு பெரியதும் ஒரு சிறியதுமாகப் பிரியும், சிறியது வளர்ந்து பெரியதாகும். எண்ணிக்கை 1, 2, 3, 5, 8, 13 என்று போகும். பெரியதற்குக் கீழ்ச் சுரம், சிறியதற்கு மேல்ச் சுரம் வைத்தேன். வரிசை எங்குமே சுழன்று முதலிலிருந்து தொடங்குவதில்லை, ஆனாலும் காதுக்குப் பழகியது போலவே இருக்கிறது. அதைச் செடியின் நேரத்தில் கேட்கும்போது வேறு வேலை ஓடாது.

நண்பரிடம் வாங்காதீர்கள் என்றுதான் சொன்னேன். பாசி விதிக்குக் காசு வேண்டாம், விசிவி ரேக்கும் இலவசம். அப்படியானால் உங்களுடையதைக் கொடுத்துவிடுங்கள் என்றார். தர மாட்டேன். அடுத்த அப்டேட்டில் ஸ்கேலை அணைக்க வழி செய்தால் அவரும் வாங்கட்டும், முழு விலைக்கே.