டர்பனில் ஒரு டயாலிசிஸ் நிலையமும் கிரகாமின் காகிதமும்

தென்னாப்பிரிக்காவின் டர்பன் புறநகரான சாட்ஸ்வொர்த்தில் என்னோடு வசிக்கும், சிறுநீரகம் செயலிழந்த அக்காவை வாரத்தில் மூன்று நாள் டர்பன் நகரிலுள்ள தனியார் டயாலிசிஸ் நிலையம் ஒன்றுக்கு அழைத்துச் சென்று, நான்கு மணி நேரம் அருகில் உட்கார்ந்திருந்து, திரும்ப அழைத்து வருவது இரண்டு ஆண்டுகளாக என் வேலை. பள்ளியில் வேதியியல் கற்பித்து ஓய்வு பெற்றவன் என்பதால், சுவரிலுள்ள தொலைக்காட்சியைவிட, இயந்திரத்தின் பக்கவாட்டில் நிமிர்த்தி மாட்டப்பட்ட, இரத்தத்தைச் சுத்திகரிக்கும் ஒரு சாண் நீளக் குழலைத்தான் அதிகம் பார்த்துக்கொண்டிருப்பேன். குறைகளையும் எழுத வேண்டியிருப்பதால் நிலையத்தின் பெயரைச் சொல்லாமல் விடுகிறேன்.

அந்தக் குழலுக்கு மூலம் 1861இல் வெளிவந்த ஓர் ஆய்வுக் கட்டுரை. கிளாஸ்கோவில் பிறந்த தாமஸ் கிரகாம், லண்டனில் அரசு நாணயச்சாலையின் தலைவராக இருந்துகொண்டே நீர்மங்களின் பரவலை ஆராய்ந்தவர். கந்தக அமிலத்தில் தோய்த்துப் பதப்படுத்திய காகிதத்தை ஒரு வளையத்தில் பறைக்குத் தோல் கட்டுவதுபோல் இழுத்துக் கட்டி, அதை நீரில் மிதக்கவிட்டு, உள்ளே அரை லிட்டர் சிறுநீரை ஊற்றி ஒரு நாள் வைத்தார். யூரியாவும் உப்புகளும் காகிதத்தைக் கடந்து வெளிநீரில் சேர்ந்துவிட்டன. கோந்து, முட்டை வெண்கரு போன்றவற்றை வைத்துப் பார்த்தபோதோ, அவை பெரும்பாலும் உள்ளேயே தங்கின. இவ்வாறு தங்கும் பொருள்களுக்குப் பசையைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து கொலாய்டு என்றும், பிரிக்கும் முறைக்கு டயாலிசிஸ் என்றும் பெயர் வைத்தவர் அவரே. நம்மவர்கள் கூழிலிருந்து கூழ்மம் என்று ஆக்கியது இன்னும் பொருத்தம் என்பது என் கட்சி. ஆடி மாதத்தில் மாரியம்மன் கோயிலில் கூழ் வார்க்கும்போது, நீர் அளவுக் கட்டுப்பாட்டில் இருக்கும் அக்கா ஒரே மிடறோடு கிண்ணத்தை என்னிடம் நீட்டிவிடுவார்.

கூழ்மங்கள் தனியொரு பொருள்வகை என்று கிரகாம் கருதியது பின்னாளில் நிலைக்கவில்லை. துகளின் அளவுதான் வேறுபாட்டுக்குக் காரணம் என்று தெரிந்தது. ஆனால் அவருடைய முறை நிலைத்துவிட்டது. 1913இல் ஜான் ஏபெல் அமெரிக்காவில் நாயின் இரத்தத்தைக் கொலோடியன் என்ற சவ்வுப்பொருளாலான குழாய்கள் வழியே செலுத்தினார். 1924இல் ஜெர்மனியின் கியோர்க் ஹாஸ் மனிதருக்குச் செய்து பார்த்தார். 1943இல் நெதர்லாந்தில் வில்லெம் கோல்ஃப் தொத்திறைச்சி உறையாகப் பயன்படும் செலோஃபேனை ஓர் உருளையில் சுற்றி இயந்திரம் கட்டினார். அதில் 1945இல் 67 வயதுப் பெண் ஒருவர் பிழைத்தெழுந்தார்.

இன்று அக்காவின் பக்கத்தில் இருக்கும் குழலில் ஏறத்தாழ 10,000 நுண்ணிழைகள் உள்ளன. ஒவ்வொன்றின் உள்விட்டமும் 0.2 மில்லிமீட்டர் அளவுதான். இரத்தம் இழைகளுக்குள்ளே ஒரு திசையிலும், கழிவுகளை வாங்கிக்கொள்ளும் கழுவுநீர் வெளியே எதிர்த்திசையிலும் ஓடுகின்றன. மூலக்கூறு எடை 60 உள்ள யூரியா இழைச் சுவரைக் கடக்கிறது; 66,000க்கு மேற்பட்ட ஆல்புமின் என்ற இரத்தப் புரதம் தங்கிவிடுகிறது. இந்த நிலையத்தில் ஒவ்வொரு முறையும் புதிய குழலின் உறையை நம் கண்முன்னே பிரிக்கிறார்கள். முடிவில் உப்புநீர் செலுத்தி இரத்தத்தை உடலுக்குத் திருப்பிய பிறகு, சிஸ்டர் குழலை விளக்கொளியில் பிடித்துப் பார்க்கிறார். ஒருநாள் வெள்ளை இழைகளுக்கிடையே ஏழெட்டுச் சிவப்புக் கோடுகள் இருந்தன. அந்த இழைகளில் இரத்தம் உறைந்துவிட்டது என்று குறித்துவைத்து, மருத்துவரிடம் சொல்லி, அடுத்த முறையே இரத்தம் உறையாமல் தடுக்கும் ஹெபரின் மருந்தின் அளவைத் திருத்தினார்கள். இந்த ஒரு பழக்கத்துக்காகவே பாதி மதிப்பெண் கொடுப்பேன்.

மீதிப் பாதியில் பெரும்பங்கு தண்ணீருக்கு. நிமிடத்துக்கு 500 மில்லி லிட்டர் என்றால் நான்கு மணி நேரத்தில் 120 லிட்டர் கழுவுநீர் அக்காவின் இரத்தத்துக்கு அருகே ஓடுகிறது. குடிநீர்த் தரம் இதற்குப் போதாது. கிருமி கொல்லச் சேர்த்துக் குழாய்நீரில் இருக்கும் குளோராமின் உள்ளே போனால் சிவப்பணுக்கள் உடையும். நீரில் மிதக்கும் களிமண் கூழ்மத்தைத் திரட்டிப் படியவைக்கப் பல ஊர்களில் படிகாரம் போடுகிறார்கள். அதிலிருந்து எஞ்சும் அலுமினியம் சவ்வைக் கடந்து மூளையைக் கெடுத்தது 1970களில்தான் வெளிச்சத்துக்கு வந்தது. இந்த நிலையத்தின் பின்னறையில் கரி வடிகட்டியும் எதிர்ச்சவ்வூடு பரவல் (ஆர்.ஓ.) கருவியும் இருக்கின்றன. கேட்டபோது குளோரின் சோதனைப் பதிவேட்டைத் தயங்காமல் காட்டினார்கள். 2022 ஏப்ரல் வெள்ளத்தில் டர்பனுக்கு வடக்கே டோங்காட் ஊரின் நீர் சுத்திகரிப்பு நிலையம் சிதைந்து ஊரே மாதக்கணக்கில் தவித்ததைப் பார்த்த நமக்கு, ‘குழாயில் நீர் நின்றால் என்ன செய்வீர்கள்’ என்று எந்த நிலையத்திலும் முதல் நாளே கேட்க உரிமை உண்டு. இங்கே தொட்டியும் ஜெனரேட்டரும் இருக்கின்றன.

கட்டணத்தை மெடிக்கல் எய்ட் என்ற தனியார் மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் ஏற்கிறது. அது இல்லாதவர்களின் நிலையை நினைக்காமல் டர்பனில் டயாலிசிஸ் பற்றி எழுத முடியாது. அடிங்டன் அரசு மருத்துவமனையில் இயந்திரங்கள் போதாமல், சிறுநீரக மாற்றுக்குத் தகுதியுள்ளவர்களுக்கே முன்னுரிமை என்ற விதியால் தியாகராஜ் சுப்பிரமணிக்குத் தொடர் டயாலிசிஸ் மறுக்கப்பட்டது. அரசியலமைப்பு நீதிமன்றமும் 1997 நவம்பர் 27 அன்று அவர் கோரிக்கையை ஏற்கவில்லை. சிறிது காலத்தில் அவர் இறந்தார்.

குறைகள்: காலை ஆறரை என்று சொல்லி ஏழேகாலுக்குத் தொடங்குகிறார்கள். நாற்காலிகள் இரண்டின் உறை கிழிந்து கிடக்கிறது. குளிர்சாதனக் காற்று நேரே முகத்தில் அடிப்பதால் அக்கா இங்கே குளிர்காலமான ஜூலையில் இரண்டு போர்வை கொண்டுபோகிறார். வழக்கமான சிஸ்டர் விடுப்பில் போனால் வரும் பதிலாள்கள்தான் பெரிய கவலை. ஒருமுறை ஊசி ஃபிஸ்டுலாவின் (டயாலிசிஸுக்காகக் கையில் தமனியையும் சிரையையும் இணைத்து அமைத்த இரத்தக்குழாயின்) சுவரைத் துளைத்துவிட, இடக்கை முழங்கைவரை கறுத்து வீங்கியது. மன்னிப்புக் கேட்டார்கள், ஐஸ் வைத்தார்கள், ஆனால் யாரை எங்கே அமர்த்துவது என்ற ஏற்பாடு மாறவில்லை. ஆகவே ஐந்துக்கு மூன்றரை. அக்கா இப்போது தன் கையைப் படமெடுத்து, எங்கே குத்தலாம், எங்கே கூடாது என்று சிவப்பு மையில் அம்புக்குறி போட்டு, கைப்பையில் வைத்திருக்கிறார். புதுமுகம் வந்தால் வணக்கத்துக்கு முன் அந்தப் படம்தான் வெளியே வரும்.