60 கேலன் டேங்கும் கைக்கெட்டாத கடைசி 8 கேலனும்

என் டீசல் பிக்கப்பில் தொழிற்சாலையிலிருந்து வந்த 29 கேலன் டேங்கைக் கழற்றிவிட்டு, 60 கேலன் பிளாஸ்டிக் டேங்க் போட்டு ஆறு வருடம் ஆகிறது. லிட்டரில் சொன்னால் 110 இருந்த இடத்தில் 227. இதுவரை 80,000 மைல் ஓடியிருக்கிறது. "வாங்கலாமா?" என்று கேட்பவர்களுக்கு இத்தனை நாளும் "வாங்குங்கள்" என்று ஒரே சொல்லில் பதில் சொல்லிவந்தேன். இப்போது அந்தப் பதிலோடு ஒரு கதையும் சேர்ந்துகொண்டது. டேங்க் செய்த நிறுவனத்தின் பெயரையும் பொருத்திய கடையின் பெயரையும் கேட்காதீர்கள். என் முட்டாள்தனத்துக்கும் இதில் சரிபாதிப் பங்கு உண்டு.

நாங்கள் இருப்பது அமெரிக்காவில், கொலராடோ மாநிலத்து டென்வரின் புறநகர். முக்கால் டன் வகை டிரக் (அது எடையல்ல, பிக்கப்புகளின் அளவு வகைக்குப் பெயர்), 6.7 லிட்டர் இன்ஜின், பின்னால் 25 அடி டிரெய்லர். டிரெய்லரோடு போனால் கேலனுக்கு 11, 12 மைல்தான் கிடைக்கும். பழைய டேங்கில் 250 மைலுக்கு ஒரு முறை பங்க்கைத் தேட வேண்டியிருந்தது. தேடுவது பெரிய காரியமில்லை, உள்ளே நுழைவதுதான் காரியம். கார்களுக்காகக் கட்டிய பங்க்கில் 45 அடி நீளத்தை வளைத்துத் திருப்பும்போது பின்னால் நிற்பவர்கள் பார்க்கும் பார்வை இருக்கிறதே, அதற்காகவே பெரிய டேங்க் போடலாம்.

அந்த வகையில் கொடுத்த காசுக்குக் குறைவில்லை. டிரெய்லரோடு 500 மைல் நிறுத்தாமல் போகலாம். டிரெய்லர் இல்லாமல் போனால் டென்வரிலிருந்து நியூ மெக்சிகோவின் தென்கோடிக்கு ஒரே டேங்கில் போய், திரும்பும் வழியிலும் கொஞ்ச தூரம் வந்துவிடலாம். டீசல் மலிவாகக் கிடைக்கும் ஊரில் நிரப்பிக்கொண்டு, விலை கூடிய ஊர்களை ஒரு புன்னகையோடு கடந்து போகலாம். அந்தப் புன்னகைதான் என்னைக் கவிழ்த்தது.

அதற்கு முன் டீசல் அளவைக் காட்டும் முள்ளைப் பற்றிச் சொல்ல வேண்டும். இந்தப் பெரிய டேங்க்குகள் பலவற்றில் எரிபொருள் அளவைக் காட்டும் மிதவையும் உறிஞ்சு குழாயும் புதிதாக வருவதில்லை. பழைய டேங்கிலிருந்து எடுத்து இதில் மாட்டுவார்கள். மிதவைக்குப் பழைய டேங்கின் உயரம்தான் தெரியும். அதனால் முழுக்க நிரப்பிய பிறகு என் வண்டியில் முதல் 100 மைலுக்கு முள் அசையவே அசையாது. பிறகு ஏதோ நினைவு வந்ததுபோல இறங்கத் தொடங்கும். பாதிக்குக் கீழே வந்துவிட்டால் ஓரளவு உண்மை பேசும்.

"இன்னும் இத்தனை மைல் போகலாம்" என்று காட்டும் எண் வேறு ரகம். வண்டியின் கணினி இன்னும் 29 கேலன் டேங்க் இருப்பதாகவே நினைத்துக்கொண்டிருக்கிறது. ஆகவே உண்மைத் தூரத்தில் ஏறக்குறைய பாதியைக் காட்டும். இரண்டு மைல் ஓடினால் ஒரு மைல் குறையும். கணினியில் டேங்கின் அளவை மாற்றித் தருகிறேன் என்று கடைக்காரர் சொன்னார். நான் வேண்டாம் என்றேன். குறைத்துச் சொல்லும் பொய்யால் யாருக்கும் கேடில்லை, மனத்துக்குள் இரண்டால் பெருக்கிக்கொண்டால் போதும் என்பது என் கணக்கு.

2021 அக்டோபரில் யூட்டா மாநிலத்திலிருக்கும் மோவாப் ஊருக்குப் போய் ஐந்து நாள் தங்கினோம். டிரெய்லரைக் கழற்றி வைத்துவிட்டு அங்கேயும் 140 மைல் சுற்றினோம். அங்கிருந்து சயான் தேசியப் பூங்காவுக்குப் போகத் திட்டம். வழி ஐ-70 நெடுஞ்சாலை. யூட்டாவில் கிரீன் ரிவர் ஊரைத் தாண்டிவிட்டால் சலைனா வரும்வரை நூறு மைலுக்கு மேல் பங்க், கடை, ஊர் எதுவும் கிடையாது. அமெரிக்காவின் இன்டர்ஸ்டேட் எனப்படும் தேசிய நெடுஞ்சாலைகளிலேயே இப்படி வசதிகள் இல்லாத மிக நீண்ட துண்டு இதுதான். அறிவிப்புப் பலகை வைத்து எச்சரித்திருக்கிறார்கள். பார்க்கவில்லை என்று சொல்ல எனக்கு வழியில்லை.

கிரீன் ரிவரில் முள் கால் டேங்குக்கு ஒரு மயிரிழை மேலே நின்றது. கணினி 90 மைல் என்றது. இரண்டால் பெருக்கினேன், 180. போக வேண்டியது 104. சலைனாவில் விலை குறைவு என்று கைபேசி சொன்னது. மனைவி மட்டும், "இங்கேயே போட்டுவிடுங்களேன், இறங்கியாவது நிற்கலாம்" என்றாள். நான் கணக்கை விளக்கினேன். 60 கேலனில் கால் என்றால் 15 கேலன், கேலனுக்கு 10 மைல் என்றாலும் 150 மைல். கணக்கில் தவறே இல்லை. இன்று உட்கார்ந்து போட்டுப் பார்த்தாலும் அதே விடைதான் வருகிறது.

அந்தச் சாலை கிரீன் ரிவரில் ஏறக்குறைய 4,000 அடி உயரத்தில் கிளம்பி, செங்குத்துப் பாறைகளைப் பிளந்துகொண்டு ஏறி, சலைனாவில் இறங்குவதற்கு முன்னால் 7,900 அடியைத் தொட்டுவிடும். பாறைகளின் அழகில் 75 மைல் போனதே தெரியவில்லை. பிரிமாண்ட் சந்திப்பைத் தாண்டிய ஏற்றம் ஒன்றில், எரிபொருள் அழுத்தம் குறைவு என்ற எச்சரிக்கை விளக்கு எரிந்தது. மிதியை அழுத்த அழுத்த வேகம் இறங்கியது. 60 மைல் வேகம் 35 ஆனபோது ஓரத்தில் ஒதுக்கி இன்ஜினை அணைத்துவிட்டேன். திரையில் இன்னும் 50 மைல் போகலாம் என்று எழுதியிருந்தது.

உடனே அணைத்தது ஒன்றுதான் அன்று நான் செய்த புத்தியுள்ள காரியம். இந்தக் கால டீசல் இன்ஜின்களில் உயர் அழுத்த பம்ப் 2,000 பார் அளவுக்கு, அதாவது காற்று மண்டல அழுத்தத்தைப்போல ஏறக்குறைய 2,000 மடங்கு, அழுத்தம் கொடுக்கும். அதற்கு மசகு எண்ணெய் தனியாகக் கிடையாது. உள்ளே ஓடும் டீசலே மசகு. டீசலுக்குப் பதில் காற்று போனால் உலோகத்தோடு உலோகம் உரசும். உரசித் தேய்ந்த துகள்கள் இன்ஜினுக்குள் டீசலைத் தெளிக்கும் இன்ஜெக்டர் வரை போய்ச் சேரும். அதன்பிறகு பம்ப் மட்டும் மாற்றினால் போதாது, எரிபொருள் பாதை முழுவதையும் மாற்ற வேண்டும். செலவு 10,000 டாலரை எட்டும். பெட்ரோல் தீர்ந்து நின்ற காரில் ஒரு கேன் ஊற்றிவிட்டுப் போவதுபோல இதில் போய்விட முடியாது.

சிறுவயதில் திருச்சியில், ரிசர்வும் தீர்ந்துபோன ஸ்கூட்டரை அப்பா ஒரு பக்கமாகச் சாய்த்துப் பிடிப்பார். மூலையில் ஒதுங்கிக் கிடந்த கடைசி மடக்குப் பெட்ரோல் குழாய்க்கு வந்துவிடும். உதைத்தால் கிளம்பிவிடும், பங்க் வரை ஓடும். அந்த ஏற்றத்தில் நின்றுகொண்டு எனக்கு அதுதான் நினைவுக்கு வந்தது. டீசல் இருக்கிறது, குழாய் இருக்கும் இடத்தில்தான் இல்லை. ஆனால் டிரெய்லரோடு சேர்த்து ஆறு டன்னை யார் சாய்ப்பது?

முக்கால் மணி நேரம் கழித்து ஒரு பண்ணைக்காரர் தன் பிக்கப்பை நிறுத்தினார். பின்னால் மஞ்சள் நிற டீசல் கேன்கள் இரண்டு. ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்தவர், நான் கேட்பதற்குள், "கவலைப்படாதே, இது சிவப்பு இல்லை" என்றார். பண்ணை இயந்திரங்களுக்கான வரியில்லா டீசலில் சிவப்புச் சாயம் கலந்திருக்கும். அதைச் சாலையில் ஓடும் வண்டியில் ஊற்றிப் பிடிபட்டால் குறைந்தது 1,000 டாலர் அபராதம். 5 கேலனை ஊற்றிவிட்டு, "டேங்க் எத்தனை கேலன்?" என்று கேட்டார். 60 என்றேன். சிரிக்கக் கூடாது என்று அவர் பட்ட பாடு முகத்தில் தெரிந்தது. பணம் கொடுத்தபோது டீசலுக்கானதை மட்டும் வாங்கிக்கொண்டார்.

சாவியைத் திருப்பி, இன்ஜினைக் கிளப்பாமல் 30 விநாடி விட்டு, அணைத்து, மறுபடியும் திருப்பி, இப்படி ஆறு முறை செய்து குழாயிலிருந்த காற்றை வெளியேற்றினேன். ஏழாவது முறை கிளம்பிவிட்டது. சலைனாவில் டேங்க் நிறைய 49 கேலன் பிடித்தது. அங்கேயே நின்று கழித்துப் பார்த்தேன். அவர் கொடுத்த ஐந்தையும் அதற்குப் பிறகு எரிந்ததையும் தள்ளினால், வண்டி திணறி நின்றபோது டேங்கில் 8 கேலன் இருந்திருக்கிறது. முப்பது லிட்டர் டீசலைச் சுமந்துகொண்டு டீசல் இல்லாமல் நின்றிருக்கிறேன்.

வீடு திரும்பி டேங்க்கை அளந்தேன். ஏறக்குறைய 180 சென்டிமீட்டர் நீளம், 50 அகலம். 6 சதவீத ஏற்றத்தில் இதன் இரண்டு முனைகளுக்கும் உயர வித்தியாசம் 11 சென்டிமீட்டர். 8 கேலன் முழுவதும் பின்பக்கம் ஒதுங்கிவிடும், முன்பக்கம் ஒரு அடிக்கு மேல் உலர்ந்துவிடும். உறிஞ்சு குழாய் இருப்பதோ முன்பக்கமாக. போதாக்குறைக்கு, வேறொரு மெக்கானிக் டேங்க்கை இறக்கிப் பார்த்தபோது, குழாயின் அடிப்பகுதி டேங்கின் தரையைத் தொடாமல் ஒரு விரல் அகலம் மேலே தொங்கிக்கொண்டிருந்தது. பழைய டேங்கைவிட இது ஆழம். அதற்கேற்ப நீட்டிப் பொருத்தியிருக்க வேண்டும், முதலில் மாட்டியவர்கள் செய்யவில்லை. ஒரு விரல்தானே என்று தோன்றும். இத்தனை அகலமான தரையில் இரண்டு சென்டிமீட்டர் தேங்கினாலே 18 லிட்டர்.

சிறிய டேங்கில் முள் சிவப்பைத் தொடும்போது மிச்சமிருப்பது இரண்டு, மூன்று கேலன். அது சரிந்து ஓட இடம் குறைவு. பெரிய டேங்கில் மிச்சம் அதிகம், அது ஓடி ஒளியும் இடமும் அதிகம். நான் 60-ஐ நான்கால் வகுத்தேன். வகுத்திருக்க வேண்டிய எண் 60 அல்ல. கணினியின் 90 மைலைப் பொய் என்று ஒதுக்கிவிட்டு நம்பிப் போன 180-ஐவிட, வண்டி நின்ற 75 மைலுக்கு அந்த 90-தான் பக்கத்தில் இருந்தது!

குழாயை நீட்டிய பிறகு அந்தத் தொல்லை குறைந்திருக்கிறது. ஆனாலும் சோதித்துப் பார்க்கும் துணிச்சல் எனக்கு வரவில்லை. மலைப்பாதை என்றால் கால் டேங்க் என்பது எனக்குப் பூஜ்யம்.

இன்னொரு முறையும் இந்த டேங்க் என்னை நிறுத்தியது, அதுவும் நிறைய டீசலோடு. 2023 ஜனவரியில் நியூ மெக்சிகோவின் தெற்கே இருக்கும் லாஸ் குரூசஸில் நிரப்பிக்கொண்டு, டிரெய்லர் இல்லாமல், டென்வர் வரை பங்க்குக்கே போகாமல் வந்தேன். பெருமைதான். அன்றிரவு குளிர் மைனஸ் 20 டிகிரி செல்சியஸுக்கு இறங்கியது. காலையில் வண்டி கிளம்பவில்லை. தெற்கே வெதுவெதுப்பான ஊரில் விற்கும் டீசலில் இந்தக் குளிருக்கு மெழுகு திரண்டு பில்டரை அடைத்துவிடும். சிறிய டேங்காக இருந்திருந்தால் வழியில் கொலராடோவில் எங்காவது குளிர்காலக் கலவையைப் போட்டிருப்பேன். பெரிய டேங்க் வெயில் ஊரின் டீசலை 640 மைல் பத்திரமாகப் பனிக்குள் கொண்டுவந்து சேர்த்தது. அரை நாள் சூடேற்றி, மெழுகைக் கரைக்கும் திரவம் ஊற்றி, புது பில்டர் மாட்டிக் கிளப்பினேன்.

சில்லறைக் குறைகள்: முழு டேங்க் பழையதைவிட 100 கிலோ கூடுதல் எடை, அத்தனையும் ஏற்றக்கூடிய சுமையில் கழியும். லாரிகளுக்கான வேகமான பம்ப்பில் பிடித்தால் நுரை பொங்கிப் பாதியிலேயே நின்றுவிடும், கார் பக்கத்துப் பம்ப்பில் பத்து நிமிடம் பிடியை அழுத்திக்கொண்டு நிற்க வேண்டும். 2022 கோடையில் கேலன் 5 டாலரைத் தாண்டியபோது, பம்ப் 150 டாலரில் தானே நின்றுவிட்டது, அட்டையை இரண்டாம் முறை தேய்த்தேன். புகையைச் சுத்தப்படுத்தும் யூரியா திரவத்தின் தொட்டி மட்டும் பழைய அளவிலேயே இருப்பதால், 'நிறுத்தாமல் போகலாம்' என்பதற்கு அதுவும் ஒரு வரம்பு.

இத்தனைக்குப் பிறகும் கழற்றிவிட மனமில்லை. வாங்குபவர்கள் பொருத்தும் கடையில் ஒன்றைக் கேளுங்கள்: உறிஞ்சு குழாய் தரையைத் தொடுகிறதா, டேங்க்கை மேலே ஏற்றுவதற்கு முன் எனக்குக் காட்டுவீர்களா? முதல் முறை நிரப்பியதும், கேனில் 5 கேலனை வைத்துக்கொண்டு, வீட்டுக்குப் பக்கத்து ஏற்றத்தில் முள் எங்கே இருக்கும்போது அழுத்த விளக்கு எரிகிறது என்று பாருங்கள். எரிந்த கணமே அணைத்துவிடுங்கள். நான் அதைச் செய்யாமல் யூட்டாவில் கற்றுக்கொண்டேன்.

சென்ற செப்டம்பரில் அதே வழியாகப் போனோம். கிரீன் ரிவரில் முள் பாதியில் இருந்தது. ஒன்றும் பேசாமல் உள்ளே திருப்பி 31 கேலன் போட்டேன். மனைவியும் ஒன்றும் பேசவில்லை. டிரக்கின் பின்தட்டில் மஞ்சள் கேன் சரியாகக் கட்டியிருக்கிறதா என்று மட்டும் ஒரு முறை போய்ப் பார்த்துவிட்டு வந்து உட்கார்ந்தாள்.