மிலிட்டரி ஜெனரேட்டர் வாங்கியவர்களே, பேட்டரிப் பெட்டியை அறுக்க விடாதீர்கள்

போன வைகாசியில் அணைக்கட்டுப் பக்கம் ஒரு ஊரில் பாரதக் கூத்து. லைட்டும் மைக்செட்டும் நாங்கள் போட்டிருந்தோம். ராத்திரி ஒன்றரை மணிக்கு ஜெனரேட்டர் பக்கம் ரப்பர் தீயும் நாற்றம். தம்பி டார்ச் அடித்துப் பார்த்தான். பேட்டரி மேல் போட்டிருந்த இரும்புப் பட்டை செக்கச்செவேல் என்று பழுத்திருந்தது. இன்ஜினை நிறுத்தியும் பட்டை ஆறவில்லை. நெகட்டிவ் கிளாம்பைத் துணி சுற்றிப் பிடித்து ஒரே இழுப்பு இழுத்தான். ஸ்பேனர் இல்லாமலே கையோடு வந்துவிட்டது. அவ்வளவு லூசாக மாட்டியிருந்தார்கள். பத்தடி தள்ளிப் பாய் விரித்துப் பிள்ளைகள் தூங்கிக்கொண்டிருந்தார்கள். இப்போது நினைத்தாலும் வயிறு கலங்குகிறது.

அது மிலிட்டரி டிஸ்போசலில் வந்த 15 கேவிஏ செட். ஏலச் சரக்கு எடுத்து விற்பவரிடம் டிரெய்லரோடு வாங்கினோம். இன்ஜினில் ஒரு குறையும் இல்லை. 24 வோல்ட் ஸ்டார்ட்டிங் என்பதால் 12 வோல்ட் பேட்டரி இரண்டு வேண்டும். கூட வந்த இரண்டும் செத்துப்போயிருந்தன. வேலூரில் ஒரு பட்டறைக்குக் கொண்டுபோனோம். கடையின் பெயர் இங்கே வேண்டாம். பட்டறைக்காரர் பெட்டியைப் பார்த்ததுமே, "இந்த சைஸ் எங்கயும் கிடைக்காதுண்ணா. லாரி பேட்டரி போட்டுடலாம், பெட்டியை அறுத்துட்டு ஆங்கிள்ல ஸ்டாண்டு அடிச்சுத் தரேன்" என்றார். 150 ஏஎச் (ஆம்பியர்-அவர், பேட்டரியின் கொள்ளளவு) பேட்டரி இரண்டு, ஸ்டாண்டு, வயரிங் எல்லாம் சேர்த்து 36,500 ரூபாய் வாங்கினார். பில் கேட்டதற்கு ஒரு துண்டுச் சீட்டு. பழைய பெட்டியைக் கேட்டால், காயலான் கடைக்குப் போட்டுவிட்டாராம்.

கூத்து முடிந்த மறுவாரம் கம்மவான்பேட்டையிலிருந்து ஒரு பெரியவரைக் கூட்டிவந்தோம். வீட்டுக்கு ஒருவர் பட்டாளத்துக்குப் போகும் ஊர் அது. இவர் ராணுவத்தில் இஎம்இ பிரிவில் வண்டியும் ஜெனரேட்டரும் பார்த்தவர். ஸ்டாண்டைக் கழற்றச் சொல்லி, பக்கத்திலேயே குந்திக்கொண்டு ஒவ்வொன்றாகக் காட்டினார்.

நாற்பது கிலோவை ஒட்டி எடையுள்ள பேட்டரியை ஒன்றரை அங்குல ஆங்கிளில், புள்ளி வைத்தது போல் நாலு டேக் வெல்டில் நிறுத்தியிருந்தார்கள். அடியில் ரப்பர் ஷீட் கிடையாது. டிரெய்லர் குலுங்கிக் குலுங்கி இரண்டு வெல்டு விட்டிருந்தது. பேட்டரி சாய்ந்து, பாசிட்டிவ் முனை அந்த வெறும் பட்டையில் போய்ப் பட்டிருக்கிறது. பட்டை சேசிஸோடு, அதாவது அடி இரும்புச் சட்டத்தோடு, போல்ட் போட்டது. அந்தச் சேசிஸ் பேட்டரியின் நெகட்டிவோடு சேர்ந்தது. ஸ்டார்ட்டர் லைனில் ஃபியூஸ் கிடையாது. அப்புறம் என்ன, பேட்டரியில் இருந்த கரண்ட் முழுக்கப் பட்டை வழியாக ஓடியிருக்கிறது. ஈய முனை பாதி மெழுகு போல் உருகி வழிந்திருந்தது. "தம்பி, சார்ஜ் ஏறும்போது பேட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வரும். காற்றில் நாலு சதவீதம் சேர்ந்தாலே பொறி பட்டால் வெடிக்கும். ஆசிட் முகத்தில் அடிக்கும்" என்றார். அன்றைக்கு அது நடக்கவில்லை, அம்மன் புண்ணியம்.

இன்னொன்றும் கண்டுபிடித்தார். டிரெய்லர் லைட்டுக்கு ஒரு பேட்டரியிலிருந்து மட்டும் 12 வோல்ட் இழுத்திருந்தார்கள். சார்ஜ் ஏறும்போது மீட்டர் வைத்தால் இரண்டும் சேர்ந்து 28 வோல்ட், சரியாகத்தான் காட்டியது. தனித்தனியாக வைத்தால் ஒன்றில் 12.9, இன்னொன்றில் 15.1. ஒன்று பட்டினி கிடக்க, மற்றது கொதித்துத் தண்ணீர் வற்றிக்கொண்டிருந்தது. போதாததற்கு ஸ்டாண்டை சைலன்சர் பக்கமே வைத்திருந்தார்கள். நம்மூர் கத்திரி வெயிலில் அந்தச் சூடும் சேர்ந்தால் பேட்டரி எத்தனை நாள் தாங்கும்?

எனக்கு ஆறாத கோபம் அடுத்ததில்தான். ராணுவப் பெட்டி அப்படி இருந்ததற்குக் காரணம் இருந்திருக்கிறது. இழுத்தால் வெளியே வரும் தட்டு, அடியிலும் பக்கத்திலும் ரப்பர், ஆசிட் வடிய ஓட்டை, காற்றோட்டம், சைலன்சருக்கு எதிர்ப்பக்கம். கழற்றும் முன் எடுத்த போட்டோவைப் பெரியவரிடம் காட்டினேன். அதில் எழுதியிருந்த அளவைப் பார்த்துவிட்டு, "சாதாரண 100 ஏஎச் பேட்டரி இரண்டு உள்ளே போயிருக்கும், ஆடாமல் இருக்க மரக்கட்டை வைத்தால் போதும். இந்த இன்ஜினுக்கு அதுவே தாராளம்" என்றார். அறுக்கவே வேண்டிய வேலை இல்லை. பெரிய பேட்டரி விற்கத்தான் பெட்டியை அறுத்திருக்கிறார்.

போய்க் கேட்டோம். "நீங்க ரோட்டுல குலுக்கி ஓட்டினா நான் என்ன பண்றது?" என்றார் பட்டறைக்காரர். டிரெய்லர் செட் ரோட்டில் குலுங்காமல் பறந்தா போகும்? ஒரு ரூபாய்கூடத் திரும்பவில்லை. துண்டுச் சீட்டை வைத்து எங்கே போய் முறையிட முடியும்?

பெட்டி அளவு பொருந்தாவிட்டாலும் அறுக்கச் சம்மதிக்காதீர்கள். உள் அளவை நீளம், அகலம், உயரம் எடுத்துக்கொண்டு நீங்களே இரண்டு பேட்டரிக் கடை ஏறி இறங்குங்கள். வெல்டிங் வைத்தே ஆகவேண்டும் என்றால், நெகட்டிவை முதலில் கழற்றி, ஏவிஆர் (வோல்ட்டேஜைச் சீராக வைக்கும் கருவி) வயரையும் பிரித்துவிட்டுத்தான் வைக்க வேண்டும். எங்கள் செட்டில் இரண்டையும் செய்யவில்லை என்று கூட நின்ற தம்பி சொல்கிறான். மேலே போடும் பட்டைக்கு ரப்பர் உறையும், முனைகளுக்கு மூடியும் கேட்டு வாங்குங்கள்.

பெரியவர் சொன்னபடி புதுப் பெட்டி அடித்து, 100 ஏஎச் இரண்டு போட்டு, நெகட்டிவ் லைனில் ஒரு கட்-ஆஃப் சுவிட்சும் வைத்துவிட்டோம். பழுத்துப்போன அந்தப் பட்டை குடியாத்தத்தில் எங்கள் கடையில்தான் இருக்கிறது. செட் வைத்திருப்பவர்கள் யார் வந்தாலும் எடுத்துக் காட்டுகிறேன்.